அனீஸ் ரஸ்க்

ரஜப் மாதப் பிறை பிறந்தால் நஸ்ரின் கேட்பாள் என்று ஆரிஃபுக்குத் தெரியும். கேட்டுவிட்டாள்.

“இந்த வருசமும் ரஸ்க்குதானே மச்சான்?”

அவன் கொல்லைக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தான். விடியுமுன்னே ரொட்டி போட்டு முடித்துவிட்டு வந்த உடம்பு. அடுப்புச் சூடு ஏறிய தோலின்மேல் மார்கழித் தண்ணீர் விழுந்தபோது மூச்சு நின்று வந்தது. கடையில் கட்டியிருந்த கைலியும் பனியனும் தனி வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. அந்த வாளி வீட்டுக்குள் வராது. பேக்கரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவை ஐப்பசியிலேயே பலகை வைத்து அடைத்தாகிவிட்டது. இப்போது தெருவைச் சுற்றிக் கொல்லைப்பக்கமாக வந்து, குளித்து, பிறகுதான் உள்ளே போகவேண்டும்.

சமையல்கட்டுப் படியில் ரிஃபா நின்றாள். நாலு வயது முடியப்போகிறது. பார்த்தால் இரண்டரை வயதுதான் சொல்வார்கள்.

“அத்தா, குளிச்சிட்டீகளா?”

“இன்னும் இல்லம்மா. அங்குட்டே நில்லு.”

நின்றாள். சொன்னால் கேட்கிற பிள்ளை. அவன் தலையைத் துவட்டி, வேறு கைலி கட்டிக்கொண்டு, “இப்ப வா” என்றதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

நஸ்ரின் இன்னும் பதிலுக்கு நின்றாள்.

“இந்த வருசம் நெய்ச்சோறு ஆக்கிப் போட்டுருவோமே,” என்றான்.

“நெய்ச்சோறா? அவன் ஒரு கை நெய்ச்சோறு தின்னு பாத்திருக்கீகளா?”

“பேரீச்சம்பழம் வாங்கிக் குடுத்துருவோம். புள்ளைக ஆசையாத் திங்கும்.”

“அது நோம்புக்குக் குடுக்குறது. ரஸ்க்குதான் குடுக்கணும். அவன் தின்னது அதுதானே.”

ஆரிஃப் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டான். பிழிந்த துண்டை எடுத்து மறுபடியும் பிழிந்தான்.

“ஆனா மைதா வேணாம்,” என்றாள் நஸ்ரின். “அரிசியில போடுங்க. ரிஃபாவும் திங்கணும்ல.”

அவர்களுக்கு முதலில் பிறந்தவன் அனீஸ். ரிஃபா வயிற்றில் இருந்தபோது மவுத்தானான். அவனுக்கும் அப்போது நாலு வயது முடியப்போகிற நேரம்தான். வருசந்தோறும் அந்தப் பிறையில் பள்ளிவாசலில் அவன் பேருக்குப் பாத்தியா ஓதி, அங்கே ஓதப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ரஸ்க் கொடுப்பார்கள். ஆரிஃபே தன் கையால் போடுகிற ரஸ்க். செஞ்சைத் தெருவில் ஆரிஃப் பாய் கடை ரஸ்க் என்றால் பெயர் உண்டு.

காரைக்குடியில் வயிற்றுக்கு ஆகாத பிள்ளைக்கு ரஸ்க்தான் கொடுப்பார்கள். காய்ச்சல்காரருக்கு ரொட்டி. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் ரொட்டிப் பாக்கெட்டோடு போவார்கள். சோறு கனம், ரொட்டி லேசு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆரிஃபின் வியாபாரத்தில் பாதி நோயாளிகளை நம்பி நடந்தது.

அனீஸுக்கு வயிறு போக ஆரம்பித்தபோது ஆளாளுக்குச் சொன்னார்கள். பூச்சி என்றார்கள். சீர் தட்டிய தோஷம் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், ஓதிப் பார்த்தார்கள், அரைஞாணில் தாயத்துக் கட்டினார்கள். கையும் காலும் குச்சியாகிக்கொண்டே வந்தன. வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. சோற்றை நிறுத்தி ரஸ்க்கை மட்டும் பாலில் நனைத்துக் கொடுக்கச் சொல்லி எல்லோரும் ஒருவாயாகச் சொன்னார்கள். அத்தாவே பேக்கரிக்காரர், இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆரிஃப் மகனுக்கென்று தனியாக ரஸ்க் போட்டான். நெய் இல்லாமல், சர்க்கரையைக் குறைத்து, மற்றதைவிட மெல்லிதாக அறுத்து, அடுப்பு ஆறுகிற நேரத்தில் இரண்டாம் முறை உள்ளே தள்ளி, ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் காயவைத்து எடுப்பான். சூட்டோடு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவான். அந்த ரஸ்க்கைப்போல் ஒன்றை அவன் அதற்கு முன்பும் போட்டதில்லை, பிறகும் போட்டதில்லை. கடைசியில் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. அதைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை.

இந்த ஐப்பசியில் ரிஃபாவை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். கோதுமை இந்தப் பிள்ளையின் குடலுக்கு ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது. அந்த மாவுத் தூசு பட்டாலும் கெடுதல். ஆயுசுக்கும் அப்படித்தான். ஆனால் அதை மட்டும் விட்டுவிட்டால் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும்போல வளரும்.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“பேக்கரி.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ரிஃபா அழுததால் நஸ்ரின் அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அப்போதுதான் அவர் கேட்டார்.

“வீட்ல வேற பிள்ளைக்கு இந்த மாதிரி இருந்துச்சா?”

ஆரிஃப் சொன்னான். வயிற்றைச் சொன்னான், கால்களைச் சொன்னான். ரஸ்க்கைச் சொல்லும்போது டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இப்ப இவளைப் பாப்போம்,” என்றார். “அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க மேல தப்பு இல்லை.”

தப்பு யார்மேல் என்று ஆரிஃப் கேட்கவில்லை. வராந்தாவில் நின்ற நஸ்ரினிடம், “கோதுமையை விட்டாப் போதுமாம். வேற ஒண்ணும் இல்லையாம்” என்று மட்டும் சொன்னான்.

நஸ்ரின் அரிசியில் போடச் சொன்ன அன்று, கடையில் சோணை அண்ணன் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆரிஃபின் அத்தா காலத்திலிருந்து அந்த அடுப்போடு கிடக்கிறவர். கருவேலம் விறகின் புகையில் அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் குடிகாரர் என்று நினைப்பார்கள். அதைத் தனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்வார்.

“அரிசியில ரஸ்க்கா?” என்றார். “அதுக்கு முறுக்கைப் புழிஞ்சு நேரா நிமித்தி வச்சுரலாம் பாய்.”

“புள்ளை திங்கணும்ணே.”

“திங்கட்டும். ஆனா மாவு நிக்கணும்ல? இழுவை இல்லாத மாவு எப்படி எந்திரிக்கும்? இந்தா, இதப் பாருங்க.” பிசைந்த மைதாவை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். மாவு துணிபோல விரிந்தது. வெளிச்சம் அதன்வழியாகத் தெரிந்தது. “இது இருக்குறதாலதான் ரொட்டி. இது இல்லாட்டி அடைதான்.”

அந்த இழுவைதான் பிள்ளைக்கு ஆகாதது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரிஃப் மாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். மகனுக்குப் போட்ட மாவை அவன் இதைவிட நன்றாக இழுத்துப் பிசைந்திருந்தான்.

அப்போது கடைவாசலில் முத்தழகு வந்து நின்றாள். பின்தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கிறவள். இடுப்பில் எப்போதும் இருக்கிற கைப்பிள்ளை இல்லை. அவசரத்தில் இருந்தாள்.

“பாய், ஒரு பாக்கெட்டு ரஸ்க்கு குடுங்க. சின்னவனுக்கு வயித்தால போகுது.”

ஆரிஃப் பாக்கெட்டை எடுத்தான். கொடுக்கவில்லை.

“எப்பருந்து போகுது?”

“நேத்து ராத்திரிலேருந்துதான்.”

“இதுக்கு முன்னாடி இப்படி அடிக்கடி போகுமா?”

“புள்ளைன்னா போகத்தான் செய்யும்.”

“வயிறு உப்புன மாதிரி இருக்கா? கை கால் மெலிஞ்சிருக்கா? ஆளு வளருறானா?”

முத்தழகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க வீட்டுல எல்லாம் மலையாட்டம்தான் இருக்கோம். நீங்க என்ன பாய், ரஸ்க்கு கேட்டா சம்பந்தம் பேசுறவுக மாதிரி விசாரிக்கிறீக?”

“இல்லக்கா. கஞ்சி வச்சுக் குடுத்துப் பாருங்களேன். அரிசிக் கஞ்சி. அதுவே கேக்கும்.”

“ரஸ்க்குக் கடையில நின்னுக்கிட்டு ரஸ்க்கு வேணாங்கிறீகளே. வியாபாரம் பண்ண இஷ்டம் இல்லையா?”

சோணை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆரிஃபின் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

“நீ போ தாயி. பாய்க்குத் தூக்கம் இல்ல.”

அவள் போனபிறகு சோணை மெதுவாகச் சொன்னார். “ஊருல எல்லாப் புள்ளைக்குமா அப்படி இருக்கும்? ஆயிரத்துல ஒண்ணுக்கு.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சா சரி.”

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று ஆரிஃப் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் மாவுப்பக்கம் திரும்பிவிட்டார்.

அரிசி ரஸ்க்கை வீட்டில்தான் போடவேண்டும். செங்கல் அடுப்பின் ஒவ்வொரு இடுக்கிலும் மைதா ஏறியிருந்தது. குவைத்தில் இருக்கிற நஸ்ரினின் தம்பி சின்ன கரண்ட் ஓவன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். டின் புதுசு, கத்தி புதுசு, சல்லடை புதுசு. மில்லில் கோதுமை அரைத்த கல் என்று நஸ்ரின் மில்லுக்கும் போகவில்லை. பச்சரிசியையும் கவுனி அரிசியையும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்தாள். இரண்டு முறை மிக்ஸி சூடாகி நின்றுபோனது. ஆறவைத்து மறுபடி அரைத்தாள்.

முதல் முறை போட்டது செங்கல்போல வந்தது. அடுத்தது எழும்பிவிட்டு, வெளியே எடுத்ததும் நடுவில் உட்கார்ந்தது. அதற்கடுத்தது நன்றாக இருப்பதுபோல் இருந்து, கத்தி பட்டதும் மணலாக உதிர்ந்தது. ரிஃபா பக்கத்தில் உட்கார்ந்து உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றாள்.

“அத்தாவுக்கு ரஸ்க்கு போடத் தெரியலம்மா,” என்றாள் நஸ்ரினிடம்.

“உங்கத்தாவுக்கு இது புதுசுடீ. பழகட்டும்.”

பழகினான். மருந்துக்கடையில் இசப்கோல் வாங்கிவந்து வெந்நீரில் கரைத்தான். அது கொழகொழவென்று மாவைச் சேர்த்துப் பிடித்தது. முட்டையை நன்றாக அடித்து ஊற்றினான். கொஞ்சம் மரவள்ளி மாவு கலந்தான். பிசைகிற மாவாக இல்லை, கரண்டியால் ஊற்றுகிற மாவாக இருந்தது. பதினாறு வயதிலிருந்து மாவை அறிந்த கைகளுக்கு அதில் வேலையே இல்லை. டின்னில் எண்ணெய் தடவியதும் வலது கை தானாகப் பக்கவாட்டில் போனது. ஒட்டாமல் இருக்க மைதாவைத் தூவுகிற கை. அங்கே ஒன்றும் இல்லை. கை வெறும் காற்றை அள்ளிக்கொண்டு டின்னுக்கு மேலே வந்து நின்றது. நஸ்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்தியாவுக்கு முதல் நாள் மத்தியானம் ரொட்டி சரியாக வந்தது. கவுனியின் கருஞ்சிவப்பில், மேலே லேசாக வெடித்து, குத்திப் பார்த்தால் ஒட்டாமல். இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்தார்கள். ரிஃபா உள்ளே தூங்கினாள். வெயில் இருந்தது, சூடு இல்லை. பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார்கள். ஆரிஃப் அறுத்தான். நஸ்ரின் துண்டுகளைத் தட்டில் அடுக்கினாள்.

“மெல்லிசா அறுங்க மச்சான்.”

“இது உடையும் புள்ளே. கொஞ்சம் தடிமனா இருந்தாத்தான் நிக்கும்.”

“அவனுக்கு மெல்லிசாத்தான் அறுத்தீக.”

கத்தி நின்றது. பிறகு மறுபடி அறுத்தது.

“இவ்வளவும் அரிசியில வேணுமா?” என்றான். “ரிஃபாவுக்கு மட்டும் தனியா வச்சுக்கிட்டு, பள்ளிவாசல் புள்ளைகளுக்குக் கடை ரஸ்க்கே குடுத்திருக்கலாம்.”

“வேணாம்.”

“உனக்குத்தான் வேலை.”

“இருக்கட்டும். அங்க அம்புட்டுப் புள்ளைக இருக்கு. அதுல எதுக்கு எது ஆகாதுன்னு யாரு கண்டா? அவன் பேரைச் சொல்லிக் குடுக்குறது. இன்னொருத்தி வீட்டுப் புள்ளைக்கு ஆகாமப் போயிறக்கூடாது.”

ஆரிஃப் கத்தியைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றின்மேல் ஒன்று படாமல்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? மதுரையிலேருந்து வரும்போது பஸ்ஸுல ரிஃபா என் மடியிலதானே படுத்துவந்தா. திருப்பத்தூர் வர்ற வரைக்கும் வயித்தைத் தடவிக்கிட்டே வந்தேன். அதே வயிறு மச்சான். கண்ணை மூடிக்கிட்டா அவன்தான். இவளுக்குக் கோதுமைன்னா அவனுக்கு என்ன? இது தெரியாதா எனக்கு?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நீங்க சொன்னீகளா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “உனக்குத் தெரியவேணாம்னு நெனச்சேன். நான் போட்டதுதானே. அவனுக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டேன். அந்தப் பாவம் என்னோட போகட்டும்னு இருந்தேன்.”

“போட்டது நீங்க. ஊட்டுனது யாரு?”

“நஸ்ரின்...”

“இருங்க. நீங்க ஒண்ணு சொல்லாம வச்சிருந்தீகள்ல. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு.” அவள் கையில் ஒரு துண்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள். “கடைசியில அவன் வேணாம்னான். நீங்க கடையில இருந்தீக. உங்களுக்குத் தெரியாது. வேணாம்மா, உள்ளுக்குள்ள நோகுதும்மான்னு சொன்னான். துப்புனான். நான் மூக்கைப் புடிச்சு ஊட்டுனேன். முழுங்குடா, அத்தா உனக்குன்னே போட்டதுடான்னு சொன்னேன்.”

ஓவன் உள்ளே லேசாக முனகிக்கொண்டிருந்தது.

“முழுங்குனான்,” என்றாள்.

அவள் அழவில்லை. கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். விளிம்பிலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது. உதிர்ந்ததை விரலால் ஒட்டி எடுத்தாள். ஆரிஃப் ஏதாவது சொல்ல நினைத்தான். டாக்டர் சொன்னதைச் சொல்லலாம். யாருக்கும் தெரிந்திருக்காது என்று சொல்லலாம். அந்தச் சொற்கள் அவனுக்கே பயன்படவில்லை. எழுந்து ஓவன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் தட்டை உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை பள்ளிவாசலில் ஊதுபத்தி கொளுத்தி அஜ்ரத் ஓதினார். முன்னால் ரஸ்க் தட்டுகள். பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளிரில் கால்களை மடக்கி, கைகளைச் சட்டைக்குள் விட்டிருந்தார்கள். ஓதி முடிந்து “ஆமீன்” சொன்னதும் வரிசை கலைந்தது.

“டேய், அனீஸ் ரஸ்க்குடா!”

அவர்களில் பலர் அனீஸைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களுக்கும் அப்போது நினைவிருக்கிற வயது இல்லை. வருசத்துக்கு ஒருமுறை வருகிற பலகாரத்துக்கு அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆரிஃபுக்கு ஒவ்வொரு வருசமும் அதைக் கேட்கப் பிடிக்கும். இந்த வருசம் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“என்ன மாமு, கறுப்பா இருக்கு? கருக விட்டுட்டீகளா?”

“கவுனி அரிசிடா. தின்னு பாரு.”

“உதிருது மாமு.”

“உதிர்ந்தா தொப்பியில ஏந்திக்க.”

பையன்கள் தொப்பியைக் கழற்றி ஏந்திக்கொண்டார்கள். ஏந்தியதை வாயில் கொட்டிக்கொண்டார்கள். ஒருவன் இரண்டாவது கேட்டான். ஒருவன், போன வருசத்து ரஸ்க்தான் ருசி என்று சொன்னான். அது உண்மை.

வீட்டில் நஸ்ரின் கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்திருந்தாள். பாலில் போட்டால் மைதா ரஸ்க் ஊறிப் பருத்து, எடுக்கும்வரை உருக் கலையாமல் இருக்கும். இது போட்டதும் கரைந்து அடியில் போய்ப் படிந்தது. நஸ்ரின் கரண்டியால் அடியைக் கிளறி எடுத்தாள். ரிஃபாவின் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

ரிஃபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வேணாம்மா.”

கரண்டி அப்படியே நின்றது.

“இது உனக்கு ஒத்துக்கும்டா கண்ணு,” என்றான் அவன். “அத்தா அரிசியிலதான்...”

“விடுங்க,” என்றாள் நஸ்ரின். குரல் பெரிதாக வந்துவிட்டது. “வேணாம்னு சொல்லுதுல்ல. விட்டுருங்க.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ரிஃபா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு முறையாவது கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்த பிள்ளை. யாரும் கெஞ்சவில்லை. எட்டித் தட்டிலிருந்து காய்ந்த துண்டு ஒன்றைத் தானாக எடுத்துக் கடித்தாள். மடியெல்லாம் உதிர்ந்தது.

“இது அண்ணன் ரஸ்க்காம்மா?”

“ஆமா.”

“அண்ணன் இதையா தின்னுச்சு?”

ஆரிஃப் வாசல் பக்கம் பார்த்தான்.

“இல்லம்மா,” என்றாள் நஸ்ரின். “அண்ணனுக்கு இது கெடைக்கல.”

ரிஃபா இன்னொரு துண்டை எடுத்துப் பக்கத்தில் பாயின்மேல் வைத்தாள். அதை அண்ணனுக்கு என்று சொல்லவில்லை. வைத்துவிட்டுத் தன் துண்டைத் தின்றாள். நஸ்ரின் எழுந்து உள்ளே போனாள்.

அன்று கடைக்கு விடுமுறை இல்லை. சோணை அடுப்பைப் பற்றவைத்து மாவைக் கொட்டி வைத்திருந்தார். ஆரிஃப் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டான். தண்ணீர் சேர்ந்ததும் மாவு பழைய உறவுபோலக் கையைப் பிடித்துக்கொண்டது. மெய்யம்மை ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வந்து, அப்பச்சிக்குக் காய்ச்சல் என்று பால் ரொட்டி வாங்கிப்போனார். ஆரிஃப் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம்வரை பிசைந்தான், அறுத்தான், சுட்டான். மைதா பறந்து புருவத்திலும் காதிலும் கழுத்து மடிப்பிலும் படிந்தது.

இருட்டுமுன் தெருவைச் சுற்றிக் கொல்லைக்கு வந்தான். கைலியை அந்தத் தனி வாளியில் போட்டான். சோப்பைத் தேய்த்து, நகத்துக்குள் தேய்த்து, தலையில் தண்ணீர் ஊற்றினான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது ரிஃபா படியில் நின்றாள்.

“அத்தா, குளிச்சிட்டீகளா?”

ஆரிஃப் கைகளைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை சிவந்து சுத்தமாக இருந்தது.

“இன்னும் இல்லம்மா,” என்றான். “அங்குட்டே நில்லு.”

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, குளிக்கிற வாளியை மறுபடியும் குழாய்க்கு அடியில் வைத்தான்.